மருதத்தை விடாத வீடு

கணினியை மாற்றிக்கொள்ளச் சொன்னால் மனிதர்கள் என்னென்ன காரணம் சொல்வார்கள் என்று என்னைக் கேளுங்கள். உறையூரில் ஒரு வக்கீல், தன் பிரிண்டருக்கும் புதிய இயங்குதளத்துக்கும் ஜாதகப் பொருத்தம் இல்லை என்றார். தில்லைநகரில் ஒரு கணக்கர், ஆடி முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டு ஆவணியில் கதவையே திறக்கவில்லை. ஒரு அம்மாள், திரையில் இருந்த படங்கள் தன் மகள் கனடா போவதற்கு முன் அடுக்கி வைத்தவை என்று சொல்லி, அதில் ஒன்றைக்கூட நகர்த்தமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் செய்து கொடுத்தேன், வேறு வழியில்லை. ஆனால் உள்ளுக்குள் எல்லோருக்கும் காரணம் ஒன்றுதான். புதுச் செருப்பு கடிக்கும். கடித்தால் நொண்ட வேண்டும், நொண்டுவதை நாலு பேர் பார்ப்பார்கள்.

என் பெயர் ரமீஜா. மருதம் என்ற பழைய இயங்குதளத்தில் இருப்பவர்களைப் புதிய நெய்தலுக்கு மாற்றிவிடுவது என் வேலை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று வரிசையாகப் பெயர் வைத்துக்கொண்டு வந்த நிறுவனம், அடுத்தது பாலை என்று தெரிந்ததும் முறையையே மாற்றப் போவதாகக் கேள்வி. யாராவது பாலையைக் காசு கொடுத்து வாங்குவார்களா?

மருதத்தை ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துப் போனதற்குக் காரணம் உண்டு. நாம் நினைத்து முடிப்பதற்குள் அது செய்து முடித்துவிடும். சில காலம் நம் கையைப் பார்த்துப் பழகிக்கொண்டால், பாதி வாக்கியத்தை நாம் எழுதினால் மீதியை அது எழுதும். பிறகு முதல் சொல்லே போதும். பிறகு நாம் உட்கார்ந்தாலே போதும். மணப்பாறைப் பக்கம் ஒரு பெரியவர் அப்படித்தான் உட்கார்ந்தார், அவர் விற்க நினைக்காத நிலத்தை மருதம் விற்றுவிட்டது. பல மாதங்களாக அவர் அந்த நிலத்தின் விலையைப் பார்த்துப் பார்த்து மூடியிருக்கிறார். ஒரு நாள் சம்மதப் பெட்டியின் மேல் விரல் தயங்கி நின்றதை அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டது. வழக்கு நடந்தது, மருதத்துக்குத் தடை வந்தது. பயனர் குறிப்புக் கொடுக்காத எதையும் செய்யக்கூடாது என்ற சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நெய்தல் வந்தது. மருதம் சொல்லாமலே செய்யும், நெய்தல் சொன்னாலும் யோசிக்கும் என்று ஊரே கேலி செய்தது.

மாதக் கடைசியோடு மருதம் நிற்கப் போகிறது என்ற நிலையில், என் வட்டாரத்தில் மிச்சமிருந்தது பொன்மலையில் ஒரே ஒரு வீடு.

கதவைத் திறந்தவர் ஆரோக்கியதாஸ். ரயில்வே பணிமனையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். என் சட்டையில் இருந்த நிறுவனத்தின் பெயரைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப் போனது. ஆனாலும் உள்ளே வரச் சொல்லி, மின்விசிறியைப் போட்டு, தண்ணீர் கொடுத்தார்.

"உங்க ஆபீஸ்ல மூணு தடவ போன் பண்ணாங்கம்மா. எனக்கு வேணாம்னுதான் சொன்னேன்."

"உங்களுக்கு வேணாம்னாலும் அது நின்னுடும் சார். அதுக்குத்தான் நேர்ல வந்தேன். கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

"பிலோ ரூம்ல" என்றார்.

பிலோமினா அவர் மனைவி. தசைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துக்கொண்டே வரும் நரம்பு நோய். சன்னல் திரையை இழுத்து மூடியிருந்த அறையில், தலைப்பக்கம் லேசாக உயர்த்திய கட்டிலில் மல்லாந்து கிடந்தார். மூச்சுக்கு ஒரு குழாய். நெற்றியிலும் கன்னத்திலும் சுற்றி ஒரு பட்டை, தசையில் சின்னத் துடிப்பு இருந்தாலும் அதைப் பிடித்துக் கணினிக்கு அனுப்புவது. கட்டிலுக்கு நேர் மேலே ஒரு வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முழுதாக மூட முடியாத இமைகளின் ஓரத்தில் நீர் கோத்திருக்க, ஆரோக்கியதாஸ் போகிற போக்கில் அதைக் கைக்குட்டையால் ஒற்றினார். பழகிய கை.

கட்டிலருகே மேசையில், அவர் முகத்தை நோக்கித் திருப்பிய காமிராவோடு இருந்த கணினி பேசியது. நோய் தொடங்கியபோதே பதிந்து வைத்த பிலோமினாவின் சொந்தக் குரல்.

"யாருங்க வந்திருக்காங்க? டீ குடுங்க அவங்களுக்கு."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் மருதத்தைத் தடை செய்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒரு விரலைக்கூட அசைக்க முடியாத மனுஷி வீட்டுக்கு வந்தவருக்கு டீ கொடுக்கச் சொல்கிறாள். இதைப் போய் யாராவது பிடுங்குவார்களா?

"நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கட்டிலைப் பார்த்துக் கேட்டேன்.

"நல்லா இருக்கேன்மா. கவலப்பட ஒண்ணுமில்ல" என்றது குரல்.

டீ வந்தது. ஆரோக்கியதாஸ் கொஞ்சம் இளகியிருந்தார்.

"இவ முன்னாடி எப்படி இருப்பா தெரியுமா? பொன்மலை கேட் கிட்ட கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருந்தா. ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிற பசங்கல்லாம் டைப் பண்ணக் கொண்டாந்து குடுப்பாங்க. தப்பு இருந்தா புரொபசரையே கூப்ட்டுத் திட்டுவா. வாயத் தொறந்தா பட்டாசுதான்." சிரித்தார். "எனக்கும் அதே கதிதான். தட்டுல சோத்த வெச்சுட்டு, கொட்டிக்கிட்டு எந்திரிங்க, கழுவணும்பா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து சாப்பிட்டீங்களான்னு ஒரு வார்த்த கேட்டதில்ல. இப்ப தெனம் கேக்கறா."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. "என்னங்க, சாப்பிட்டீங்களா?" என்றது கணினி.

"இன்னும் இல்ல பிலோ. விருந்தாளி வந்திருக்காங்கள்ல."

அவர் பதில் சொன்ன விதத்தில் ஒரு புதுமாப்பிள்ளையின் வெட்கம் இருந்தது.

வேலையைத் தொடங்கினேன். முதலில் நெய்தல் கணினியைப் பக்கத்தில் வைத்து, பட்டையின் இணைப்பை இரண்டாகப் பிரித்து, ஒரே துடிப்பு இரண்டுக்கும் போகும்படி செய்ய வேண்டும். அதற்காகப் பட்டையைக் கழற்றி என் மடியில் வைத்துக்கொண்டு, முனையில் இருந்த சின்னத் திருகை நெம்பிக்கொண்டிருந்தேன்.

"டீ ஆறிடப் போகுதும்மா. குடிங்க" என்றது பிலோமினாவின் குரல்.

கை நின்றது. பட்டை என் மடியில் இருந்தது. அது யார் உடம்பிலும் இல்லை. நிமிர்ந்து மருதத்தின் காமிராவைப் பார்த்தேன். அதன் சிவப்புப் புள்ளி பளிச்சென்ற வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. முகம் கண்ணில் பட்டால் போதும் அதற்கு. மீதி எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

இவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. திருகை வைத்துக்கொண்டு வெட்டியாகக் கொஞ்ச நேரம் நெம்பினேன்.

"எனக்குத் தெரியும்மா" என்றார் ஆரோக்கியதாஸ். அவர் என்னைப் பார்க்கவில்லை, டீ தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போன மழைக்கே தெரியும். பட்டையக் கழட்டி சார்ஜ் போட்டுட்டு மறந்துட்டேன். சாயங்காலம் வரைக்கும் பேசிக்கிட்டே இருந்துச்சு. வாங்க, வெளிய உக்காந்து பேசலாம்."

கூடத்துக்கு வந்தோம்.

"டாக்டருக்குத் தெரியுமா சார்?"

"அவரு வந்து, எப்படி இருக்கீங்கம்மான்னு கேப்பாரு. நல்லா இருக்கேன் டாக்டர்ங்கும். சந்தோசமாப் போயிடுவாரு. நான் ஒரு நாள் தனியாக் கூப்ட்டுக் கேட்டேன், அவ உள்ள இருக்காளான்னு. கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்தாரு. இந்தக் கட்டத்துல உறுதியாச் சொல்ல முடியாதுன்னாரு. அதுக்கு என்ன அர்த்தம்? இல்லன்னு சொல்ல அவருக்கு வாய் வரலன்னு அர்த்தம்."

"அவங்க பேச்ச மருதத்துக்குப் பழக்க ஆரம்பத்துல எத சார் குடுத்தீங்க?"

"அவ போன்ல இருந்ததுதான். சொந்தக்காரங்க குழுவுல எழுதினது, என் தங்கச்சிக்கு எழுதினது, மருமகளுக்கு எழுதினது. நெறைய இருந்துச்சு."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நம் ஊரில் குடும்பக் குழுவில் யார் உண்மையை எழுதுகிறார்கள்? மஞ்சள் காமாலையில் படுத்திருப்பவரும் 'எல்லாரும் நல்லா இருக்கோம், அங்க எல்லாரும் சாப்டாச்சா' என்றுதான் எழுதுவார். என் அம்மா ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே ரோஜாப்பூப் படம் போட்டு அத்தனை பேருக்கும் காலை வணக்கம் அனுப்பியவள். நோவை நாம் எழுதுவதில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் வாயால் சொல்லிப் புலம்புவோம், அல்லது எரிந்து விழுவோம். பிலோமினாவும் பட்டாசையெல்லாம் வீட்டில் கொளுத்திவிட்டு, போனில் இனிப்பு மட்டும் பரிமாறியிருக்கிறார். மருதத்துக்குக் கிடைத்தது அந்த இனிப்பு மட்டும்தான். பாவம், அது சொந்தக்காரர்களுக்கு முன் பிலோமினா போட்ட நல்ல மருமகள் வேஷத்தைப் படித்துக்கொண்டு, அதைத்தான் மனைவி என்று நம்பிவிட்டது. தசை தளரத் தளரத் துடிப்பு குறைந்தது, குறைந்த இடத்தையெல்லாம் அந்த வேஷத்தை வைத்தே நிரப்பியது.

இதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

"தெரியுதும்மா. பிலோ இப்படிப் பேசமாட்டா. ஆனா பிலோதான் போயிட்டாளே. உடம்பு மூச்சு விடுது, அவ இல்ல. மிச்சம் இருக்கறது இந்தக் குரல்தான். நீங்க சொல்ற புதுசு என்ன பண்ணும்? குறிப்பு இல்லைன்னு தெனம் எனக்குக் காட்டும். அத வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்? உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். இத அப்படியே விட்டுட்டுப் போங்க."

அப்பா வயதுடையவர் என்னிடம் கையைக் குவித்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ சாக்குகளைக் கேட்டவள் நான். முதன்முறையாக ஒரு காரணத்தைக் கேட்டேன்.

"சார், ஒரு வழி இருக்கு" என்றேன். "சட்டப்படி நெய்தலை ஒரு வாரம் காது குடுத்துக் கேக்கற மாதிரி விட்டுட்டுப் போகணும். அந்த ஒரு வாரமும் அது பட்டைய மட்டும் கவனிக்கும். அவங்க காதுல மெதுவா ஒவ்வொரு எழுத்தாச் சொல்லிக்கிட்டே இருக்கும், எந்த எழுத்துக்குத் துடிக்குதுன்னு பாக்கும். ஒண்ணும் வரலன்னா, பயனில்லைன்னு எழுதிக் குடுத்துட்டு நான் அதத் தூக்கிட்டுப் போயிடுவேன். போறப்ப உங்க மருதத்தை நெட்ல இருந்து துண்டிச்சு விட்டுடறேன். யாரு கண்ணுக்கும் தெரியாது. மெஷின் உயிரோட இருக்கற வரைக்கும் அது பேசிக்கிட்டு இருக்கும்."

"உங்க வேலைக்கு ஒண்ணும் வராதே?"

"வந்தாப் பாத்துக்கலாம் சார்."

பட்டையை மறுபடி கட்டினேன், காதுக்கு ஒரு சின்னக் கருவி வைத்தேன். நெய்தலின் திரையில் 'குறிப்பு இல்லை' என்று வந்தது. வெளியே வரும்போது அவர் அறை விளக்கை அணைக்காததைப் பார்த்து, ராத்திரியும் எரியுமா என்று கேட்டேன்.

"எப்பவும் எரியும்மா. காமிராவுக்கு வெளிச்சம் வேணும்னு அப்பவே சொல்லிட்டாங்க. அணைச்சா அவ பேசமாட்டா. எனக்கு அடுத்த ரூம்ல இருந்து குரல் கேட்டாத்தான் தூக்கமே வரும்."

ஒரு வாரம் கழித்து, சொன்ன வாக்கைக் காப்பாற்றத்தான் போனேன். பயனில்லை என்ற அறிக்கையைப் போனிலேயே நிரப்பி வைத்திருந்தேன். மேலாளர், "பொன்மலை முடிஞ்சா நாம எல்லாரும் நிம்மதியாத் தூங்கலாம் ரமீஜா" என்று வேறு சொல்லியிருந்தார்.

ஆரோக்கியதாஸ் என்னைப் பார்த்ததும் மலர்ந்தார். அறைக்குள் நுழைந்தால் நெய்தலின் திரை சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நீங்க போன கையோட திருப்பி வெச்சுட்டேன். குறிப்பு இல்லை, குறிப்பு இல்லைன்னு அது சொல்றதப் பாக்க முடியல. கருமாதிப் பத்திரிகை மாதிரி இருந்துச்சு."

"பரவாயில்ல சார். இப்பத் தூக்கிடறேன்."

இணைப்பைப் பிடுங்குவதற்காகத் திரையை என் பக்கம் திருப்பினேன்.

திரை முழுக்க எழுத்து. முதலில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். ஒரே சொல், மறுபடி மறுபடி. சில இடத்தில் பாதியில் நின்றிருந்தது, சில இடத்தில் தவறான எழுத்து நுழைந்து, அழிக்கப்பட்டு, திரும்பத் தொடங்கியிருந்தது. மேலே தள்ளிப் பார்த்தேன், அங்கும் அதே சொல்தான்.

லைட். லைட். லை. லைட். லைட்.

தானாக ஒரு புள்ளியைக்கூடச் சேர்க்கும் அனுமதி நெய்தலுக்கு இல்லை. காதில் எழுத்து வரிசை ஓடிக்கொண்டே இருக்கும்போது, வேண்டிய எழுத்து வரும்வரை காத்திருந்து, கன்னத்தில் மிச்சமிருக்கும் ஏதோ ஒரு நாரை யாரோ இழுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் அப்படி. ஒரு வாரமாக, சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த திரையில்.

"என்னம்மா?" என்று அவர் அருகில் வந்தார். நான் நகர்ந்து வழி விட்டேன்.

அவர் படித்தார். திரும்பக் குனிந்து படித்தார். பிறகு நிமிர்ந்து, கட்டிலுக்கு மேலே எரியும் விளக்கைப் பார்த்தார். கண் கூசிக் கையால் மறைத்துக்கொண்டார். கையை இறக்கி, மூட முடியாத அந்த இரண்டு கண்களைப் பார்த்தார். தினமும் அவர் ஒற்றி எடுத்த நீர் அங்கே மறுபடி கோத்திருந்தது.

"பிலோ" என்றார். குரல் பிசிறியது. "லைட்டு கண்ணக் கூசுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றது மருதம் உடனே, அத்தனை பிரியமாக. "நீங்க சாப்பிட்டீங்களா?"

எனக்கு அந்தக் கணினியைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல் இருந்தது. ஒரு மழைக்காலம், ஒரு கோடை. தன் குரலில் வேறு யாரோ தன் புருஷனோடு கொஞ்சிக் குலாவுவதைக் கேட்டுக்கொண்டு, நடுவில் புகுந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாமல், அந்த வெளிச்சத்துக்குக் கீழே பிலோமினா கிடந்திருக்கிறார். அவர் இல்லை என்று நினைத்துத்தான் இவர் அந்தக் குரலை விடாமல் பிடித்துக்கொண்டார். அந்தக் குரல் இருந்ததால்தான் அவர் இருக்கிறாரா என்று ஒருவரும் தேடவில்லை. நானும் அதைத்தான் நிரந்தரமாக்கிவிட்டுப் போக வந்திருந்தேன், இரக்கப்பட்டு.

ஆரோக்கியதாஸ் சுவிட்சுக்குப் போனார். கையை அதன் மேல் வைத்தவர் அப்படியே நின்றார். எனக்குப் புரிந்தது. அதை அழுத்தினால் சாப்பிட்டீங்களா என்று கேட்க இனி ஆள் இல்லை.

"நான் பண்ணட்டுமா சார்?"

"வேணாம்" என்றார். "நான்தான் போட்டேன்."

அழுத்தினார். அறை மங்கியது. மருதம் ஏதோ சொல்லத் தொடங்கிப் பாதியில் நின்றது, அதன் சிவப்புப் புள்ளியும் அணைந்தது. திரைச்சீலை வழியாக வந்த பகல் மட்டும் இருந்தது. மூச்சுக் குழாயின் சத்தம் அப்போதுதான் எனக்கு முதன்முதலாகக் கேட்டது.

அவர் நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ இருக்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு பிலோ" என்றார். கொஞ்ச நேரம் தோள் குலுங்க அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை கேட்பது போல் கேட்டார்.

"என் மேல கோவமா?"

நெய்தல் பிலோமினாவின் காதில் எழுத்துகளைச் சொல்லத் தொடங்கியது. திரையில் 'குறிப்பு இல்லை' என்று இருந்தது. காத்திருந்தோம். தெருவில் கீரைக்காரர் ஒருவர் கூவிக்கொண்டு போனார். பிலோமினா கேள்வியையே மறந்துவிட்டிருப்பாரோ, களைத்துப் போயிருப்பாரோ, நாங்கள் கண்டது வெறும் நரம்புத் துடிப்போ என்றெல்லாம் எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஆரோக்கியதாஸ் மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஒரு எழுத்து வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

ஆமா.

ஆரோக்கியதாஸின் முகம் உடைந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த வீட்டில் அவரைப் பார்த்த எந்த நேரத்திலும் அவர் அப்படி இருந்ததில்லை. மனைவியின் கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"திட்டு பிலோ" என்றார். "எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, திட்டு. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

நெய்தல் மறுபடி அகரத்திலிருந்து தொடங்கியது.